வள்ளலாக மறுத்த முதலாளி

வாரி வழங்கினார் வள்ளல் என்று ஏடுகள் எழுதும். மாலை விழும், மண்டபத்தில் படம் ஏறும், கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படும். கொடுத்த கை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அந்தக் கைக்கு அவ்வளவு பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தான் ஆள் இல்லை. கேட்டால், நன்றி கெட்டவன் என்ற பட்டம் கிடைக்கும்!

தோழர்களே! அந்தக் கேள்வியை ஒரு முதலாளியே கேட்டார். ஊரைக் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டார். கிடைத்த விடையைக் கண்டு அஞ்சவில்லை, அதற்குத் தலைவணங்கினார். தன் பங்கு முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டு, நேற்றுவரை தனக்குச் சொந்தமாயிருந்த தொழிற்சாலையிலேயே சம்பளம் பெறும் நிர்வாகியாக அமர்ந்தார். ஜெர்மனி நாட்டு யேனா நகரில் 1891-ல் நடந்த செய்தி இது. அவர் பெயர் எர்னஸ்ட் அபே. படித்தவர்கள் அவரை விஞ்ஞானி என்று அறிவார்கள். உழைப்பவர்கள் அவரை வேறொரு காரணத்துக்காக அறிந்துகொள்ள வேண்டும்.

மேஸ்திரியின் மகன்

1840 ஜனவரி 23-ல் ஐசனாக் என்னும் ஊரில் பிறந்தார் அபே. தந்தை ஒரு நூற்பாலையில் மேஸ்திரி. மேஸ்திரி என்றதும் நிழலில் நின்று அதட்டும் ஆள் என்று எண்ணிவிடாதீர்கள். விடியுமுன் ஆலைக்குள் நுழைவார். இருட்டிய பிறகுதான் வெளியே வருவார். நாளொன்றுக்கு 14 மணி நேரம் வேலை. வியாபாரம் சற்றுச் சூடு பிடித்தால் 15. இன்னும் சூடு பிடித்தால் 16! முதலாளிக்கு நல்ல காலம் பிறந்தால் தொழிலாளிக்குத் தூக்கம் போய்விடும் என்பதே அந்த ஆலையின் கணக்கு.

சாப்பாட்டுக்கு இடைவேளை? அப்படி ஒன்று கிடையாது. சிறுவன் அபேயும் அவன் உடன்பிறந்தவளும் மாறி மாறி மதிய உணவைத் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுபோவார்கள். தந்தை இயந்திரத்தின் மேல் சாய்ந்து நின்றபடியோ, ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தபடியோ அவசர அவசரமாக விழுங்குவார். காலிப் பாத்திரத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு மறுகணமே வேலைக்குத் திரும்புவார். நெடிய உருவம், உரம் பாய்ந்த உடல். ஆனால் 48 வயதிலேயே தோற்றத்திலும் நடையிலும் கிழவர்!

புகழ்பெற்ற பேராசிரியராகவும் தொழில் தலைவராகவும் விளங்கிய பிறகு, 1901-ல், கற்றோர் நிறைந்த அவையில் அபே எடுத்துச் சொன்ன காட்சி இது. உயர்ந்த இடத்துக்கு வந்தபின் ஏழைத் தந்தையை மறைத்துவைப்பவர்கள் உண்டு. இவரோ தந்தையின் வளைந்த முதுகைச் சாட்சியாக அவையில் நிறுத்தினார்.

பையன் கெட்டிக்காரன் என்று கண்டு, ஆலை முதலாளியே படிப்புக்குக் கைகொடுத்தார். உதவி உதவிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பாருங்கள்: ஒரு மேஸ்திரியின் மகன் படிப்பதற்கு ஒரு முதலாளியின் மனம் இளக வேண்டியிருந்தது! அந்த ஆலையில் இருந்த மற்றத் தொழிலாளிகளின் பிள்ளைகள்? மனம் இளகினால் பள்ளிக்கூடம், இளகாவிட்டால் ஆலைத் தூசி. தர்மத்தின் பயனை அனுபவித்தவர் அபே. ஆகவே அதன் நீளமும் அகலமும் எவ்வளவு என்பதையும் அறிந்தவர்.

யேனாவிலும் கோட்டிங்கனிலும் பயின்றார். 1861-ல் டாக்டர் பட்டம். 1863-ல், 23 வயதில், யேனா பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கினார்.

குருட்டாம்போக்குக்கு முடிவு

அதே யேனாவில் கார்ல் சைஸ் என்றொரு கைத்தொழில் வல்லவர் இருந்தார். 1846-ல் சிறு பட்டறை போட்டவர். நுண்ணோக்கி செய்வதில் பெயரெடுத்தவர். ஆயினும் அவர் மனத்தில் ஒரு குறை. ஒரு லென்ஸைப் பொருத்திப் பார்ப்பது, தெளிவில்லையென்றால் கழற்றிவிட்டு இன்னொன்றைப் பொருத்துவது, மறுபடியும் தேய்ப்பது, மறுபடியும் பார்ப்பது — அப்படித்தான் அன்று நுண்ணோக்கி பிறந்தது. கை பழகியவன் இருந்தால் நல்ல கருவி வரும். அவன் போய்விட்டால் வராது. வீடு கட்டுவதற்கு முன் அளவு போடுகிறோமே, லென்ஸுக்கும் கணக்குப் போட்டு, கணக்குப்படி செய்ய முடியாதா என்று கேட்டார் சைஸ். 1866-ல் அந்தக் கேள்வியை அபேயிடம் கொண்டுவந்தார். பட்டறைக்காரருக்கு வயது 50. அபேக்கு 26.

அபே கணக்குப் போட்டார். தோற்றார்! லென்ஸுக்குள் புகும் ஒளிக்கற்றையைக் குறுக்கினால் பிழைகள் குறையும், படம் தெளியும் என்பது முதல் கணக்கு. கருவி செய்து பார்த்தால், பழைய கருவியைவிட மங்கலாகத் தெரிந்தது. வேறொருவராயிருந்தால் தொழிலாளியின் கையைக் குறை கூறியிருப்பார். அபே இயற்கையைக் கேள்வி கேட்டார். விடை வந்தது. மிக நுண்ணிய பொருளின் மீது படும் ஒளி வளைந்து விரிகிறது. விரிந்த ஒளியையும் வாங்கிக்கொள்ளும் அளவுக்கு லென்ஸின் வாய் அகன்றிருந்தால்தான் அந்த நுண்மை கண்ணுக்குத் தெரியும். 1872-க்குள் சைஸ் பட்டறையின் நுண்ணோக்கி லென்ஸுகள் எல்லாம் கணக்குப்படி வார்க்கப்படலாயின. 1873-ல் அபே தன் கொள்கையை வெளியிட்டார். ஒளியலையின் நீளத்தில் ஏறக்குறைய பாதிக்கும் குறைவான இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகளை எந்த நுண்ணோக்கியாலும் பிரித்துக் காட்ட முடியாது என்று எல்லையும் வகுத்தார். அந்த எல்லையைத் தாண்டும் வழி கண்டதற்காக 2014-ல் மூவருக்கு ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அபே போட்ட வேலி அத்தனை உறுதி!

1876-ல் சைஸ் அவரைத் தொழிலில் பங்காளியாக்கினார். 1878-ல், லென்ஸுக்கும் பார்க்கும் பொருளுக்கும் இடையே எண்ணெய்த் துளி வைத்துப் பார்க்கும் முறையை அபே செம்மைப்படுத்தினார். 1882-ல் காசநோய்க் கிருமியைக் கண்டு உலகுக்குக் காட்டினார் ராபர்ட் காக். 1884-ல் கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிடித்தவரும் அவரே. சைஸின் கருவிகளுக்குத் தாம் பட்ட கடனைக் காக் நன்றியோடு ஒப்புக்கொண்டார். கொள்ளைநோயைத் தெய்வக் குற்றம் என்று சொல்லிவந்த காலம்! குற்றவாளி கண்ணாடித் தகட்டின் மேல் நெளிந்துகொண்டிருந்தான். அவனைக் காட்டிக்கொடுத்தது யேனாவின் லென்ஸ்.

நல்ல கணக்கு மட்டும் போதாது, நல்ல கண்ணாடியும் வேண்டும். ஓட்டோ ஷாட் என்னும் கண்ணாடி வல்லுநரை அபே யேனாவுக்கு அழைத்துவந்தார். 1884-ல் ஷாட், அபே, சைஸ், சைஸின் மகன் நால்வரும் சேர்ந்து கண்ணாடித் தொழிற்கூடம் ஒன்றை நிறுவினார்கள். 1886-ல், நிறச்சிதறலை அடக்கிய புதிய லென்ஸ் வந்தது. அதற்குக் காப்புரிமை வாங்கிப் பூட்டிவைத்திருந்தால் பணம் கொட்டியிருக்கும். அபே வாங்கவில்லை. ஆராய்ச்சிக்கு உதவும் கருவி அறிவுலகத்துக்குப் பொது என்பது அவர் எண்ணம்.

இரண்டு வழிகள்

1888 டிசம்பரில் கார்ல் சைஸ் மறைந்தார். அபே செல்வர். உலகெங்கும் தேடி வாங்கும் சரக்கு. நாளுக்கு நாள் வளரும் தொழிற்சாலை. இனி என்ன செய்வது?

அதே காலத்தில், கடலுக்கு அப்பால், அமெரிக்காவில் இன்னொரு ஏழை வீட்டுப் பிள்ளையும் இதே கட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். எஃகு மன்னர் ஆண்ட்ரூ கார்னெகி. நெசவாளியின் மகன். அவர் செல்வத்தைப் பொதுநலத்துக்கே செலவிட்டார், பொய்யில்லை. 2,509 நூலகக் கட்டடங்கள் அவர் பணத்தில் எழுந்தன. ஆனால் 1892-ல் ஹோம்ஸ்டெட் நகரில் அவருடைய ஆலைத் தொழிலாளர்கள் கூலிக் குறைப்பை எதிர்த்து நின்றபோது, நிர்வாகம் கூலிப்படையை வரவழைத்தது. துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின, சங்கம் நொறுங்கியது. அந்த ஆலைகளில் 12 மணி நேர வேலை வேரூன்றியது. ஊருக்கு நூலகம் உண்டு. 12 மணி நேரம் உலையின் முன் வெந்தவன் எந்த நேரத்தில், எந்தக் கண்ணோடு அங்கே போய்ப் படிப்பான்?

முதலில் எடுத்துக்கொண்டு பின்னர் கொடுப்பது ஒரு வழி. அபே கேட்டது அதற்கு முந்திய கேள்வி. எடுத்துக்கொள்ளும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது? என் கணக்குக்கு அடிப்படை பல்கலைக்கழகத்து அறிவு. அதை வளர்த்தது மக்களின் வரிப்பணம். கணக்கைக் கருவியாக்கியது நூற்றுக்கணக்கானவர்களின் கைத்திறன். அப்படியிருக்க, லாபம் மட்டும் எப்படி என் ஒருவனுடையதாகும்?

1889-ல் அறக்கட்டளையை நிறுவினார். 1891-ல் இரண்டு நிறுவனங்களிலும் தனக்கிருந்த பங்குகளை அதற்கு மாற்றினார். சைஸின் மகனுக்கு உரிய தொகை கொடுத்து அவருடைய பங்கும் பெறப்பட்டது. அறக்கட்டளைக்குத் தன் பெயரையா வைத்தார்? இல்லை. பட்டறை போட்ட கைத்தொழிலாளியின் பெயரை வைத்தார். கார்ல் சைஸ் அறக்கட்டளை என்றே இன்றும் அது வழங்குகிறது.

கருணை அல்ல, சாசனம்

பணத்தைக் கொடுத்தது பெரிதல்ல தோழர்களே! கொடுத்த முறைதான் பெரிது. 1896-ல் அறக்கட்டளையின் சாசனம் வெளிவந்தது. அதைப் படித்தால், மேஸ்திரியின் மகன் எதையும் மறக்கவில்லை என்பது விளங்கும்.

ஒருவனை வேலைக்கு எடுக்கும்போது அவன் குலம் என்ன, மதம் என்ன, கட்சி என்ன என்று பார்க்கக் கூடாது. சோஷலிஸ்டுகள் என்றாலே முகம் சுளித்த அரசுகளும், யூதர் என்றாலே கதவடைத்த வீடுகளும் நிறைந்திருந்த ஜெர்மனியில் எழுதப்பட்டது இது! ஒருமுறை நிர்ணயித்த கூலியை, வியாபாரம் மந்தம் என்று சொல்லிப் பின்னர் குறைக்கக் கூடாது. ஓவர்டைம் வேலைக்குக் கூடுதல் கூலி. சம்பளத்தோடு விடுமுறை. முதுமைக்கும் உடல் நலிவுக்கும் பென்ஷன். தொழிலாளி இறந்தால் மனைவி மக்களுக்கு ஆதரவு. நிர்வாகமே வேலையைவிட்டு நிறுத்தினால் ஈட்டுத்தொகை. லாபத்தில் பங்கு. தொழிலாளர் தேர்ந்தெடுக்கும் குழு.

இன்னொரு விதி உண்டு. நிர்வாகக் குழுவினர் உட்பட எந்த அதிகாரியின் சம்பளமும், தொழிலாளியின் சராசரி வருமானத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் போகக் கூடாது! மேலே இருப்பவனுக்கு உயர வேண்டுமென்ற ஆசை வந்தால், கீழே இருப்பவனையும் சேர்த்துத் தூக்கினால்தான் முடியும்.

இவற்றையெல்லாம் நல்ல மனத்தோடு நடத்திக்காட்டினால் போதாதா, சாசனம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அபேயின் கருத்து தெளிவானது. நல்ல மனிதன் தந்ததை அடுத்த மனிதன் பறித்துவிட முடியும். தலைவர் சிரித்தால் விடுமுறை, முறைத்தால் வெட்டு என்றிருந்தால் தொழிலாளி கைகட்டி நிற்பான். சாசனத்தில் இருந்தால் கேட்டுப் பெறுவான்; மறுத்தால் நீதிமன்றம் ஏறுவான். தொழிலாளிக்கு நன்மை செய்யும் சலுகையைக்கூட முதலாளியின் கையில் விட்டுவைக்க அபே விரும்பவில்லை. வள்ளலாகும் வாய்ப்பைத் தானும் உதறினார், தனக்குப் பின்னால் வருபவர்களுக்கும் இல்லாமல் செய்தார்!

எட்டு மணி நேரம்

1890களின் தொடக்கத்திலேயே யேனாவில் வேலை 9 மணி நேரமாகிவிட்டது. 1900 ஏப்ரலில் அபே அடுத்த அடி வைத்தார். எட்டு மணி நேரம்! கட்டளை போடவில்லை. தொழிலாளர்களையே வாக்களிக்கச் சொன்னார். பெரும்பான்மையோர் ஆதரித்தபின் ஓராண்டு சோதனை தொடங்கியது.

மற்ற முதலாளிகள் கைகொட்டிச் சிரித்தார்கள். ஒரு மணி குறைந்தால் ஒன்பதில் ஒரு பங்கு உற்பத்தி போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. அபே தன் கணக்கைக் காட்டினார். பீஸ் ரேட் கூலி வாங்கும் 233 தொழிலாளர்களின் கணக்கேட்டை எடுத்தார். மாற்றத்துக்கு முந்திய ஆண்டையும் பிந்திய ஆண்டையும் ஒப்பிட்டார். 9 மணி நேர வேலையை 8 மணி நேரத்தில் முடிக்க, ஒரு மணியில் செய்யும் வேலை 12.5 சதவீதம் உயர வேண்டும். உயர்ந்தது எவ்வளவு? 16.2 சதவீதம்! நேரம் குறைந்தது, வேலை குறையவில்லை. ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு கூடவே செய்தது.

எப்படி இந்த விந்தை? இதற்கும் விஞ்ஞான விளக்கம் தந்தார். எஞ்சின் ஓடுகிறது, பெல்ட்டில் எந்த இயந்திரத்தையும் மாட்டவில்லை. அப்போதும் நிலக்கரி எரிகிறதல்லவா? மனித உடலும் அப்படித்தான். ஒரே இடத்தில் நிற்பது, ஒரே நிலையில் குனிவது, இரைச்சலைத் தாங்குவது, கவனம் சிதறாமல் காப்பது — இவையெல்லாம் ஒரு பொருளும் உண்டாக்காமல் உடலைத் தின்னும் வீண் செலவு. நேரம் நீள நீள அந்தச் செலவு ஏறும். அன்றைய களைப்பு அன்றிரவே தீர வேண்டும். தீராமல் மறுநாளுக்கு மிஞ்சினால், வட்டிக்கடன்போல் நாள்தோறும் குவியும். கடைசியில் ஆளையே ஜப்தி செய்துவிடும். இந்த விளக்கத்தைச் சொன்ன அவையில்தான் தந்தையின் கதையையும் சொன்னார். 48 வயதுக் கிழவர் எப்படி உருவானார் என்பதற்குக் கணக்கு வந்துவிட்டது!

ஜெர்மனியில் எட்டு மணி நேர வேலை நாட்டுக்கே பொதுவானது 1918 நவம்பர்ப் புரட்சிக்குப் பிறகு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு அதை முதல் ஒப்பந்தமாக வகுத்தது 1919-ல். யேனா 18 ஆண்டுகள் முந்திக்கொண்டது.

மிச்சமான நேரத்தில் தொழிலாளி என்ன செய்வான்? குடித்துக் கெடுவான் என்றது மேட்டுக்குடி. அபேயின் விடை மக்கள் இல்லம். 1903-ல் கட்டி முடிக்கப்பட்டது. பொது நூலகம், படிப்பகம், பெரிய கூட்ட மண்டபம். எந்தக் கட்சிக்கும் கதவு திறக்கும். அபே சோஷலிஸ்ட் கட்சிக்காரர் அல்ல, லிபரல் கொள்கையர். ஆயினும் 1905-ல் ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி தன் மாநாட்டை அந்த மண்டபத்தில் கூட்டியது. தன்னோடு மாறுபடுபவனும் பேச இடம் கட்டுவதல்லவா ஜனநாயகம்!

அந்த மாநாட்டைக் காண அபே இல்லை. ஓயாத உழைப்பு உடலைக் கரைத்திருந்தது. 1903-ல் நிர்வாகத்திலிருந்து விலகினார். 1905 ஜனவரி 14-ல், 65 வயது நிரம்ப ஒன்பது நாட்கள் இருக்கும்போது, கண் மூடினார்.

பின்னர் நடந்தது

கதையை இங்கேயே நிறுத்தினால் இனிக்கும். ஆனால் உண்மை அதோடு முடியவில்லை. இட்லர் ஆட்சி வந்தது. குலமும் மதமும் பார்க்கக் கூடாது என்று சாசனம் எழுதிய அதே நிறுவனத்தில், இரண்டாம் உலகப் போரின்போது, பிற நாடுகளிலிருந்து இழுத்துவரப்பட்டவர்கள் கட்டாய வேலை செய்தார்கள். தாளில் இருந்த எழுத்து மறையவில்லை. அதைக் காக்க வேண்டிய சங்கங்களை 1933-லேயே நசுக்கிவிட்டிருந்தார்கள். 1945-ல் நிறுவனத்தின் அறிஞர்களை அமெரிக்கப் படை மேற்கே கொண்டுபோயிற்று. பின்னர் இயந்திரங்களைச் சோவியத் நாடு பெயர்த்துச் சென்றது. நாடு பிளந்தது, நிறுவனமும் இரண்டாயிற்று. ஜெர்மனி இணைந்த பிறகே, 1990களில், அது மீண்டும் ஒன்றாயிற்று. இன்று சைஸ், ஷாட் இரண்டுக்கும் உரிமையாளர் அந்த அறக்கட்டளையே. உலகின் மிக நுண்ணிய சிப்புகளை வார்க்கும் இயந்திரங்களுக்குக் கண்ணாடி செய்வதும் சைஸ்தான்.

இதிலிருந்து உழைப்பாளி கற்க வேண்டியது என்ன? நல்ல முதலாளி கிடைக்கவில்லையே என்று ஏங்குவதா? அல்ல, அல்ல! நல்ல முதலாளியை நம்பி இருக்காதே என்று சொன்னவரே ஒரு நல்ல முதலாளி. நன்மையைச் சட்டமாக்கு, சட்டத்தைக் கேட்டுப் பெறும் உரிமையாக்கு என்பது அவர் காட்டிய வழி. அந்த உரிமையைக் காக்க விழிப்போடு நிற்கும் கூட்டம் வேண்டும் என்பது அவருக்குப் பின்வந்த வரலாறு காட்டிய வழி. எட்டு மணி நேரத்தை நீட்டலாம், இருப்பதைச் சலுகையாக்கலாம் என்று எவர் வந்து பேசினாலும், யேனாவின் கணக்கேட்டைத் திறந்து அந்த 233 பேரின் கணக்கைக் காட்டுங்கள். விஞ்ஞானி ஒருவர் போட்ட கணக்கு அது. தவறென்றால் திருத்திக் காட்டட்டும்!